ஒப்பமிடும் கரம்

நம் குடியரசுத் தலைவரை 'ரப்பர் முத்திரை' என்று ஏளனம் செய்வோர் உளர். அமைச்சரவையின் ஆலோசனைப்படியே அவர் செயல்பட வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 74ஆம் பிரிவு. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்காத ஒருவர், மக்கள் மன்றத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட அமைச்சரவையை மீறலாகாது என்பது நியாயமே. அப்படியாயின், ஒப்பமிடும் கரத்துக்கு மனச்சான்று வேண்டாமா?

1975 ஜூன் 25ஆம் நாள் இரவு, பிரதமர் இந்திரா காந்தியின் கடிதத்தை ஏற்று, பக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் ஒப்பமிட்டார். அமைச்சரவை கூடியதோ மறுநாள் காலையில்தான். அது கூடும்வரை அவர் காத்திருக்கவில்லை. 21 மாதங்கள் நாடு அதன் சுமையைத் தாங்கியது.

அந்த அனுபவத்தின் பின், 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம், ஆலோசனையை ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பியனுப்பும் உரிமையைக் குடியரசுத் தலைவருக்கு வழங்கியது. மீண்டும் அதுவே வந்தால் அவர் ஏற்றாக வேண்டும். 1997 அக்டோபரில், உத்தரப்பிரதேச ஆட்சியைக் கலைக்குமாறு குஜ்ரால் அமைச்சரவை பரிந்துரைத்தபோது, கே.ஆர். நாராயணன் அதைத் திருப்பியனுப்பினார். அமைச்சரவையும் அதனைக் கைவிட்டது.

எல்லா வேளையும் அவ்வாறு நிகழ்வதில்லை. 2006இல் ஆதாயப் பதவி மசோதாவை அப்துல் கலாம் நாடாளுமன்றத்துக்குத் திருப்பியனுப்பினார். மாற்றமின்றி அது மீண்டும் நிறைவேறியது, அவரும் ஒப்பமிட்டார். அவர் கேட்டது வீணா?

விடையை நம் ஊரிலேயே காணலாம். தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில் உள்ளது. ஆற்றை அது படைப்பதில்லை. கடல் நோக்கி விரையும் நீரைச் சற்றே நிறுத்தி, மட்டம் உயர்த்தி, வடகாலிலும் தென்காலிலும் செலுத்துகிறது. பெருவெள்ளம் வந்தால் ஆறு அதன்மேல் வழிந்தோடும். அதற்காக அணையே வேண்டாம் என்று எந்த உழவரும் சொல்வதில்லை.

குடியரசுத் தலைவரின் கேள்வியும் அத்தகையதே. இறுதி முடிவு அவருடையதன்று. ஆயினும் அவசரத்தில் எடுத்த முடிவை மீண்டும் எண்ணிப் பார்க்கச் செய்வது அவர் கடமை. கேட்ட பின்னும் முடிவு மாறாவிடில், அதன் பொறுப்பு எவருடையது என்பதை நாடு தெளிவாக அறியும்.

சங்கங்களிலும் பள்ளிக் குழுக்களிலும், பிறர் வரைந்த தீர்மானத்தின்கீழ் ஒப்பமிடுவோர் நம்மிலும் பலர். "நாம் சொல்லி எது மாறப்போகிறது?" என்று பேனாவை எடுக்கிறோம். மாறாமலே போகலாம். ஆயினும், எவருக்கு இதனால் தீங்கு நேரும் என்று ஒருமுறை கேட்டபின் ஒப்பமிடுவோம்.