நம்பிக்கையைக் கூலியில் கழிக்கலாமா?

பெரிய வாய்ப்பு ஒன்று வரும் என்ற நம்பிக்கையில் ஒருவர் குறைந்த ஊதியத்துக்கு வேலை செய்ய முன்வருகிறார். அந்த நம்பிக்கையைக் காட்டியே அவருக்குக் குறைத்துக் கொடுப்பது நியாயமா? பல தொழில்களில் எழும் கேள்விதான் இது. ஆனால் அமெரிக்காவின் இரண்டாம் நிலைக் கூடைப்பந்து லீகில் இது ஒளிவுமறைவின்றித் தெரிகிறது. மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள தூரத்தை அங்கே டாலரிலேயே அளந்துவிடலாம்.

அமெரிக்காவின் முதன்மைக் கூடைப்பந்து லீகான என்பிஏ தன் கீழ்நிலை லீகை 2001 நவம்பரில் எட்டு அணிகளுடன் தொடங்கியது. ஆஷ்வில், ரோனோக், ஹன்ட்ஸ்வில் போன்ற தென்கிழக்கு நகரங்களே அந்த அணிகளின் ஊர்கள். 2017இல் கேட்டரேடு பான நிறுவனத்தின் ஆதரவோடு அது ஜி லீக் என்று பெயர் மாறியது. 2024-25 சீசனில் அணிகள் 31 ஆகிவிட்டன. என்பிஏவின் 30 அணிகளுக்கும் ஆளுக்கொரு துணை அணி. மெக்சிகோ சிட்டி அணி மட்டும் தனித்து நிற்பது. என்பிஏவில் இன்று ஆடுபவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த லீகில் ஆடி வந்தவர்கள்.

இனி ஊதியம். 2016-17இல் இந்த லீகின் சாதாரண ஒப்பந்தக்காரருக்கு ஒரு சீசனுக்கு 19,000 அல்லது 26,000 டாலர். 2018-19இல் அது 35,000 ஆனது, 2023-24இல் 40,500. அதே 2023-24இல், இரண்டு லீகிலும் ஆடுவதற்கான இருவழி ஒப்பந்தம் பெற்றவருக்குச் சுமார் 5,60,000 டாலர். முழு என்பிஏ ஒப்பந்தம் பெற்ற புதுமுகத்துக்குக் குறைந்தபட்சமே பத்து லட்சத்துக்கு மேல். ஒரே அணியில், ஒரே பயிற்சியாளரிடம், ஒரே ஆட்டத்தை ஆடும் இருவரில் இருவழி ஒப்பந்தம் உள்ளவர் மற்றவரைப்போல் ஏறக்குறைய பதினான்கு மடங்கு பெறுகிறார்.

லீகின் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சிறு அரங்குகளில், மலிவான டிக்கெட்டில் நடக்கும் ஆட்டங்கள் பெரிய வருமானம் தருவதில்லை. தங்குமிடமும் மருத்துவக் காப்பீடும் ஊதியத்துக்கு மேல் தரப்படுகின்றன. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவும் இல்லை. ஐரோப்பாவிலோ சீனாவிலோ இதைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கலாம் என்று தெரிந்தேதான் பலர் இங்கே இருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெரிய லீகின் நிழல் இல்லாத சிறிய லீகுகளின் கதி என்ன என்பதற்கு சிபிஏ என்ற பழைய கூடைப்பந்து லீக் சாட்சி. 1946இல் பென்சில்வேனியாவில் பிறந்த அந்த லீகில்தான், பின்னாளில் என்பிஏவில் புகழ்பெற்ற பில் ஜாக்சன் பயிற்சியாளராகத் தேர்ந்தார். 1984இல் ஆல்பனி அணிக்குக் கோப்பையும் வென்று தந்தார். 1999இல் முன்னாள் என்பிஏ ஆட்டக்காரர் ஐசேயா தாமஸ் அந்த லீகை வாங்கினார். 2001 பிப்ரவரியில், சீசன் பாதியில் நிற்கும்போதே, அது மூடப்பட்டது. ஆட்டக்காரர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அடுத்த மாதச் சம்பளம் வருமா என்ற அச்சமின்றி ஆட முடிவதே ஓர் அறம்தான். அதை ஜி லீக் தந்திருக்கிறது. இந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது.

ஆனாலும் மேற்சொன்ன வாதங்கள் முழுமையாக நிற்பதில்லை. நஷ்டக் கணக்கை முதலில் பார்க்கலாம். துணை அணியின் வரவு செலவைத் தனியாக எடுத்துப் பார்த்து நஷ்டம் என்பது சரியான கணக்கு அல்ல. அது தாய் அணியின் பயிற்சிச் செலவு. அதன் விளைச்சல் தாய் அணியின் களஞ்சியத்துக்குத்தான் போகிறது. விதிகளும் அப்படித்தான்: நடுவர் தீர்ப்பைப் பயிற்சியாளர் எதிர்த்து முறையிடும் விதி முதலில் சோதிக்கப்பட்டது இங்கேதான். எதிரணியின் வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தைக் கைப்பற்றினால் 14 விநாடி மட்டுமே தரும் விதியும் இங்கே பழகிப் பார்த்த பிறகே மேலே போனது. பெரிய லீகுக்காக வியர்வை சிந்தியவர்களின் ஊதியத்தைச் சிறிய அரங்கின் டிக்கெட் வசூலைக் கொண்டு அளப்பது எப்படித் தகும்?

அடுத்தது விருப்பம் என்ற வாதம். ஆட்டக்காரர் தன் விருப்பத்தோடுதான் வருகிறார், அது உண்மை. ஆனால் சம்மதம் மட்டுமே ஒரு பேரத்தை நியாயமாக்கிவிடாது. எல்லா அணிகளும் ஒரே தொகையைத்தான் தரும் என்று லீகே தீர்மானித்துவிட்ட இடத்தில் தனி ஆள் எதைப் பேரம் பேசுவார்? என்றாவது மேலே அழைப்பார்கள் என்று காத்திருப்பவர், முறைப்பாடு செய்பவர் என்ற பெயர் வாங்க அஞ்சுவார். நம்பிக்கை எவ்வளவு பெரிதோ அவ்வளவு பலவீனமாகிறது அவருடைய கை. 2020இல் ஜி லீக் ஆட்டக்காரர்கள் பெரும்பான்மை வாக்கில் தொழிற்சங்கம் அமைத்ததன் அறப்பொருள் இதுவே: கூடிக் கேட்டால்தான் சம்மதத்துக்கு மதிப்பு உண்டு.

மிக வலுவான வாதம் வாய்ப்பைப் பற்றியது. “ஊதியம் குறைவுதான், ஆனால் என்பிஏவுக்குப் போகும் வழியையும் சேர்த்தல்லவா தருகிறோம்?” ஆண்ட்ரே இங்ரமின் கதை இதற்கு உடனே நினைவுக்கு வரும். இயற்பியல் படித்தவர், இந்த லீகில் பத்து சீசன்களில் 384 ஆட்டங்கள் ஆடினார். கணக்கு டியூஷன் எடுத்து வருமானத்தை ஈடுகட்டினார். 2018 ஏப்ரல் 10 அன்று, 32ஆவது வயதில், லேக்கர்ஸ் அணிக்காக முதல் என்பிஏ ஆட்டம் ஆடி 19 புள்ளிகள் எடுத்தார். அரங்கமே அவர் பக்கம் எழுந்து ஆர்ப்பரித்தது. அந்த இரவின் மகிழ்ச்சியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த இரவு அவருடைய பத்து ஆண்டு உழைப்புக்குத் தரப்பட்ட பாக்கித் தொகை அல்ல. மேலே அழைக்கப்பட்டவர் அங்கே புதிய வேலை செய்கிறார். அந்த வேலைக்கான ஊதியத்தைப் பெறுகிறார். பழைய வேலையின் கூலியில் அதைக் கழித்துக்கொள்ள முடியாது.

இதே லீகில் இந்தியரின் கதையும் ஒன்று உண்டு. பஞ்சாபின் பல்லோ கே கிராமத்தைச் சேர்ந்த சத்னாம் சிங், 2015இல் டல்லஸ் மேவரிக்ஸ் அணியால் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தியாவில் பிறந்து அப்படித் தேர்வான முதல் ஆட்டக்காரர் அவர். டெக்சஸ் லெஜண்ட்ஸ் என்ற துணை அணிக்கு ஆடினார். ஒரு என்பிஏ ஆட்டம்கூட அவருக்கு வாய்க்கவில்லை. ஜி லீகில் ஆடுபவர்களில் மிகப் பெரும்பாலோரின் கதை இங்ரமுடையதைவிட இதற்கே நெருக்கமானது.

அது அவர்களுடைய குறையா? என்பிஏவின் 30 அணிகளில் அணிக்கு 15 முழு இடங்கள், மொத்தம் 450. ஜி லீகில் அத்தனை பேரும் ஒரே ஆண்டில் இருமடங்கு திறமை பெற்றாலும் 450 என்பது 451 ஆகாது. ஒருவர் உள்ளே நுழைந்தால் இன்னொருவர் வெளியேற வேண்டும். அதே நேரத்தில், நாளை மேலே போகப்போகும் ஒருவரைத் தயாரிக்க அவரோடு சேர்ந்தும் அவரை எதிர்த்தும் களத்தில் ஒன்பது பேர் தேவை. அவருக்குப் பந்து கொடுக்கவும், அவரைத் தடுக்கவும், அவருடைய குறையை வெளிக்கொண்டு வரவும் ஆள் வேண்டும். ஆக, மேலே போகாதவர்கள் லீகின் தோல்விகள் அல்லர். அவர்கள் இல்லாமல் லீகே இல்லை. இந்த அமைப்புக்கு அவர்கள் கட்டாயத் தேவை என்றால், அவர்களுடைய கூலியும் அந்தத் தேவையின் பெயரால்தான் நிர்ணயிக்கப்பட வேண்டும். வராத வாய்ப்பின் பெயரால் அல்ல.

நம்பிக்கை ஆட்டக்காரரின் சொந்த முதல். சிறு வயதிலிருந்து அதிகாலைப் பயிற்சிகளில் அவரே சேர்த்தது. லீக் அதைக் கொடுக்கவில்லை. ஆகவே கொடுத்ததாகக் கணக்கு எழுதவும் உரிமை இல்லை. லீக் கொடுக்கக்கூடியவை வேறு. சீசன் நடக்கும் ஐந்து மாதத்துக்கு மட்டுமல்லாமல் ஆண்டு முழுவதும் குடும்பத்தோடு கவலையின்றி வாழப் போதுமான ஊதியம். ஆட்டம் முடிந்த பிறகு வேறொரு தொழிலுக்குப் போகக் கல்வி. காயம் பட்டால் சீசனோடு முடிந்துவிடாத மருத்துவம். இவற்றோடு உண்மையும் வேண்டும்: “உங்களை மேலே அழைக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை” என்று உரிய காலத்தில் சொல்லும் துணிவு. அந்தச் சொல் அன்று வலிக்கும். ஆனால் ஒருவருடைய இருபதுகளின் கடைசி ஆண்டுகளைக் காப்பாற்றும்.

வளரும் லீகை அணிகளின் எண்ணிக்கையாலும் மேலே அனுப்பிய பெயர்களாலும் அளப்பதே வழக்கம். அவை வளர்ச்சியைக் காட்டுமே தவிர நியாயத்தைக் காட்டா. ஒரு முறைகூட அழைக்கப்படாமல் ஐந்து சீசன் ஆடிவிட்டு வெளியேறும் ஆட்டக்காரர், “வாய்ப்பு வரவில்லை, ஆனால் என் உழைப்புக்கு உரியதைப் பெற்றேன்” என்று சொல்ல முடியுமானால் அந்த லீக் நியாயமாக நடக்கிறது. சொல்ல முடியாதென்றால், அது எத்தனை இங்ரம்களை உருவாக்கினாலும் மற்றவர்களுக்குக் கடன்பட்டே நிற்கிறது.