அருகில் இருப்பவர் யார்?

இரக்கத்தைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உண்டு. அவற்றுள் ‘கண்ணோட்டம்’ என்னும் சொல் தனிச் சிறப்புடையது. துன்புறுவோரைக் கண்ட அளவில் கண் அவர்பால் ஓடுகிறது. கண்ணைத் தொடர்ந்து நெஞ்சமும் ஓடுகிறது. வள்ளுவர் இப்பெயரில் ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். ஆயின், நம் கண் சென்று சேராத தொலைவில் துன்பம் இருந்தால், கண்ணோட்டம் அங்கே எங்ஙனம் செல்லும்? கருவியொன்று நமக்காகக் கண்டு சொன்னால், நாம் கண்டதாகுமா? இக்கேள்வி வெறும் சொல்லாராய்ச்சி அன்று. சிறு குழந்தைகள் பலரின் வாழ்வு இதில் அடங்கியுள்ளது.

குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோயை எடுத்துக்கொள்வோம். விழித்திரையின் இரத்தக் குழாய்கள் கருவறையில் வளரத் தொடங்கி, நிறைமாதத்தை ஒட்டியே முழுமை பெறுகின்றன. முன்னதாகப் பிறந்துவிட்ட சிசுவுக்கு அவ்வளர்ச்சி பாதியில் தடைப்படுகிறது. பின்னர் அக்குழாய்கள் முறைதவறி வளரக்கூடும். நோய் முற்றினால் விழித்திரையே பெயர்ந்துவிடும். உயிர்காக்கத் தரும் ஆக்சிஜனும் அளவு மீறினால் இத்தீங்கைப் பெருக்கும். வெளியிலிருந்து பார்ப்போர்க்கோ கண் குறையின்றித் தோன்றும். தாய் ஐயுறும் வேளையில் காலம் கடந்திருக்கும். எனவேதான், 34 வாரங்களுக்கு முன் பிறந்த குழந்தையையும், 2 கிலோவுக்குக் குறைந்த எடையுடன் பிறந்த குழந்தையையும் 30 நாள்களுக்குள் கண் சோதனைக்கு உட்படுத்தவேண்டும் என்பது நம் நாட்டு மருத்துவ நெறி. பெரும்பாலோரிடம் நோய் தானே தணிந்துவிடும். கடுமையான நிலையை எட்டியவர்களுக்கோ இரண்டு மூன்று நாள்களுக்குள் லேசர் முதலிய சிகிச்சை தேவை.

இந்நோயைக் கண்டறியும் வல்லுநர்கள் மிகச் சிலரே. அவர்களும் பெருநகரங்களில் இருப்பவர்கள். 2008ஆம் ஆண்டில் பெங்களூரு நாராயண நேத்ராலயா கண் மருத்துவமனை இதற்கொரு வழி கண்டது. ‘கிட்ராப்’ என்னும் அத்திட்டத்தின்படி, பயிற்சி பெற்ற தொழில்நுட்பர்கள் கேமராவைச் சுமந்துகொண்டு கர்நாடகத்தின் சிற்றூர்ப் பகுதி மருத்துவமனைகளுக்குச் செல்கின்றனர். பச்சிளங் குழந்தையின் கண்ணில் மருந்துச் சொட்டு இட்டு, இமைகளை மெல்ல விலக்கி, விழித்திரையைப் படம் எடுக்கின்றனர். தொலைவிலுள்ள மருத்துவர் அப்படத்தைத் தம் கைப்பேசியிலேயே பார்த்து முடிவு கூறுகிறார்.

இங்கே ஓர் ஐயம் எழுகிறது. வசதி படைத்தவரின் குழந்தைக்கு மருத்துவரின் கை; ஏழையின் குழந்தைக்குப் படம் மட்டுமா? இது இரண்டாந்தரப் பரிவு ஆகாதா? ஐயம் நியாயமானதே. ஆயினும், சிற்றூர்த் தாயின் முன் இருப்பவை மருத்துவரா படமா என்னும் இரு வழிகள் அல்ல. படமா ஒன்றுமின்மையா என்பதே அவள் நிலை. ஆதலால் படத்தை இகழ்தல் முறையன்று. அதே வேளையில், ‘ஒன்றுமில்லாததற்கு இது மேல்’ என்னும் வாதம் நம்மை உறங்கச் செய்துவிடவும் கூடும். ஏழைக்கு இதுவே போதும் என்று நாம் அமைந்துவிடுவோமாயின், தொலைவைக் கடக்கப் பிறந்த கருவியே தொலைவை நிலைநிறுத்தும் கருவியாகிவிடும்.

தொலைவு என்பதுதான் யாது? 1996இல் சென்னையில், அரசு மருத்துவமனை ஒன்றில் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கண் மருத்துவர்களுக்குக் குறைவில்லாத நகரம் அது. எனினும் உரிய நேரத்தில் அவள் விழித்திரையைச் சோதிக்குமாறு எவரும் கூறவில்லை. அவள் பார்வை இழந்தாள். பெற்றோர் நெடுங்காலம் வழக்காடினர். 2015இல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. பார்வையை வழங்க எந்த நீதிமன்றத்தாலும் இயலாது. அக்குழந்தையைச் சூழ்ந்து நின்றோர் பலர். ஆயினும் அவள் தொலைவிலேயே இருந்தாள். பல நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து படத்தைப் பார்த்து, ‘உடனே சிகிச்சை வேண்டும்’ என்று உரைப்பவரோ குழந்தைக்கு அருகில் இருப்பவராகிறார். அருகாமையை அளப்பது மைல்கல் அன்று, பொறுப்பே.

காண்பது ஒரு கடனை உண்டாக்குகிறது. நோய் இருப்பது தெரிந்த கணத்திலிருந்து, தெரியாது என்று எவரும் கூற இயலாது. படம் எடுத்தவர் அனுப்பிவிட்டேன் என்றும், பார்த்தவர் சொல்லிவிட்டேன் என்றும், செவிலியர் தெரிவித்துவிட்டேன் என்றும் கைகழுவினால், சங்கிலியின் கடைசிக் கண்ணியாக நிற்பவள் பேறுகாலம் கழிந்து ஒரு மாதமும் ஆகாத தாய். இரண்டு நாள்களுக்குள் நகரம் செல்லவேண்டும் என்றால் அவளுக்குப் பேருந்துக் கட்டணம் வேண்டும். வீட்டிலிருக்கும் மூத்த பிள்ளைக்கு ஒரு பிடி சோறு வேண்டும். ‘நன்றாகத்தானே இருக்கிறது குழந்தை’ என்று தடுக்கும் பெரியவரிடம் பேச ஒரு நாவும் வேண்டும். இவற்றை எந்தக் கம்பியில்லாத் தொடர்பும் அனுப்பாது.

இவ்விடத்தில்தான் நாம் வருகிறோம். நாம் மருத்துவர் அல்லோம். கேமராவை இயக்கவும் அறியோம். ஆனால் நம் தெருவில் குறைமாதக் குழந்தை பிறந்த செய்தி மருத்துவரைவிட நமக்கே முன்னர் எட்டுகிறது. ‘கண் சோதனை ஆயிற்றா, அம்மா?’ என்று கேட்க நமக்கு எக்கருவியும் வேண்டுவதில்லை. ஆகவில்லை என்றால், அவளுடன் பேருந்தில் ஏறுவோம். தொலைவிலிருப்பவர் கண்டு சொன்னதை அருகிலிருக்கும் நாம் நிறைவேற்றும்போதுதான் அந்தப் பார்வை கண்ணோட்டமாகிறது.