உறங்கும்போது ஓடும் தண்ணீர்

நாம் உறங்கிக்கொண்டிருக்கும்போது நம் வீட்டுத் தண்ணீர் தெருவில் ஓடி வீணானால், அந்த விரயம் யார் கணக்கில் எழுதப்படும்?

இது வாதத்துக்காக எழுப்பும் கேள்வி அன்று. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பல வீடுகளின் முன்னே பசும்புல்தரை உண்டு. மண்ணுக்குள் பதித்த குழாய்களில் பொருத்திய தெளிப்பான்கள் அதற்கு நீர் தூவும். அவற்றைத் திறப்பதும் மூடுவதும் தானியங்கிக் கடிகாரத்தின் வேலை. அங்கே வாழும் முஸ்லிம் ஒருவர் சுபுஹு தொழுகைக்குப் புறப்பட்டு வாசற்கதவைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தம் புல்தரையில் வழிந்த தண்ணீர் நடைபாதையைக் கடந்து, தெருவோரமாக ஓடி, மழைநீர் வடிகாலில் விழுவதைக் காண்கிறார். சற்று முன்னர்தான் அவர் குழாயைச் சிறிதளவே திறந்து, சிக்கனமாக ஒளு செய்திருந்தார்!

"நான் உறங்கினேன், கடிகாரம் திறந்தது, என்மீது என்ன குற்றம்?" என்று அவர் கேட்கலாம். உறங்குபவர் விழிக்கும்வரை அவர்மீது குற்றம் எழுதப்படுவதில்லை என்பது நபிமொழி தரும் சலுகை. ஆனால், கடிகாரத்தில் நேரத்தைக் குறித்து வைத்தவர் அப்போது விழித்திருந்தார் அல்லவா? நாம் தோண்டிய கிணற்றில் பிறர் நீர் அருந்தினால், நாம் கபுரில் இருக்கும்போதும் நன்மை வந்துசேரும் என்று நம்புகிறோம். நாம் இல்லாதபோது நடக்கும் நன்மையில் பங்கு கேட்பவர்கள், நாம் உறங்கும்போது நடக்கும் விரயத்தில் மட்டும் எங்களுக்குப் பங்கில்லை என்று சொல்வது நியாயமாகுமா?

"தண்ணீருக்குக் கட்டணம் செலுத்துகிறேன், தோட்டமும் என்னுடையது" என்பது அடுத்த வாதம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைச் சிந்தித்தல் வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 1913-ஆம் ஆண்டில் 200 மைல்களுக்கு மேல் கால்வாய் அமைத்து, ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் நீரைக் கொண்டுவந்தது. அதனால் ஓவன்ஸ் ஏரி வறண்டது; அதன் படுகையிலிருந்து எழுந்த புழுதி அங்கு வாழ்வோரைப் பல்லாண்டுகள் வாட்டியது. இவ்வாறு பிறர் இழந்த நீரன்றோ தெருவில் ஓடுகிறது! அதுவும் சும்மா ஓடவில்லை. புல்லுக்கு இட்ட உரத்தையும் பூச்சிமருந்தையும் கழுவிக்கொண்டு கடலுக்குப் போகிறது. கட்டணம் செலுத்திவிட்டதால் பிறருடைய உரிமை தீர்ந்துவிடுவதில்லை.

மதீனாவின் ஹர்ரா ஓடை நீர் குறித்து ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் எழுந்த வழக்கு புகாரியில் பதிவாகியுள்ளது. மேட்டிலிருந்த ஸுபைர் (ரலி) தம் மரங்களுக்குப் பாய்ச்சிக்கொண்டு, பின்னர் அண்டைத் தோட்டத்துக்கு நீரை விட்டுவிட வேண்டும் என்பதே அண்ணலார் (ஸல்) முதலில் கூறிய தீர்வு. முதல் உரிமை உள்ளவருக்கும் தேவை என்னும் எல்லை இருந்தது.

அப்படியானால் புல்லைக் காயவிடுவதா? வேண்டியதில்லை. பசுமையை விரும்புவது குற்றமன்று, அளவறியாமையே குற்றம். வானிலிருந்து நீரை அளவோடு இறக்கிப் பூமியில் தங்கவைத்ததாக வல்ல அல்லாஹ் திருமறையில் கூறுகிறான். அளவும் வேண்டும், தங்கவும் வேண்டும். களிமண் ஒரு மணி நேரத்தில் உறிஞ்சக்கூடியது ஏறத்தாழ 1 முதல் 5 மில்லிமீட்டர் நீரே. சாதாரணத் தெளிப்பானோ மணிக்கு 38 மில்லிமீட்டர் அளவுக்குத் தூவும். தொடர்ந்து 15 நிமிடம் ஓடவிட்டால் மண் எப்படி ஏற்கும்? மிஞ்சியது வழிந்தோடும்.

அந்த 15 நிமிடத்தையே ஐந்தைந்து நிமிடமாகப் பிரித்து, இடையே ஒரு மணி நேரம் விட்டு, அதிகாலை 3, 4, 5 மணிக்கு ஓடுமாறு கடிகாரத்தில் குறித்துவைத்தால், ஒவ்வொரு முறையும் விழும் நீர் மண்ணுக்குள் இறங்க அவகாசம் கிடைக்கும். அந்த வேளையில் காற்றும் வெயிலும் குறைவு. நீர் ஆவியாகி வீணாவதும் குறையும். சரிவான இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். கோடைக்குக் குறித்த நேரத்தைக் குளிர்காலத்திலும் அப்படியே விட்டுவிடலாகாது. மழை பெய்தால் நிறுத்திவைக்க வேண்டும்.

2014-ஆம் ஆண்டின் கடும் வறட்சியில் கலிஃபோர்னிய அரசு, தோட்டத்து நீர் தெருவில் வழிவதைத் தடைசெய்து, நாளொன்றுக்கு 500 டாலர்வரை அபராதம் விதிக்க வழிசெய்தது. சட்டத்தின் கண் பகலில் பார்க்கும். இருளில் ஓடும் நீரைப் பார்ப்பவன் யார் என்பதை முஃமினுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மார்க்கத் தீர்ப்பு வழங்குவது நம் நோக்கமன்று. ஒன்றை மட்டும் சொல்லலாம். அந்தச் சகோதரர் வாசற்கதவைத் திறக்கும்வரை அவருடையது அறியாமை. கண்ணால் கண்டபின்பும் நாளை அதே தண்ணீர் ஓடினால், அதற்கு அறியாமை என்று பெயர் சூட்ட முடியாது. ஓடும் ஆற்றில் ஒளு செய்தாலும் விரயம் கூடாது என்று கற்ற சமுதாயம் நாம். ஒளுவில் காக்கும் அளவைத் தோட்டத்திலும் காப்பதற்கு அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.