குளக்கரைப் பாதையும் எளிமையின் அறமும்

எளிய வாழ்வு ஓர் அறமா என்னும் வினா பழமையானது. ஆயின், எளிமையை மேற்கொள்பவன் யார், எந்நிலையில் மேற்கொள்கின்றான் என்பனவற்றை ஆராயாது அதற்கு விடை கூறல் இயலாது. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலே, கொன்கோட் ஊரையடுத்த வோல்டன் குளத்தைச் சுற்றிவரும் நடைபாதை இவ்வாராய்ச்சிக்கு ஏற்றதோர் உரைகல்லாகும்.

மாநிலப் பூங்காவாகப் பேணப்படும் அவ்விடத்தில், ஏறத்தாழ 1.7 மைல் நீளமான அப்பாதையை எவரும் அதிகச் சிரமமின்றிச் சுற்றிவரலாம். ஹென்றி டேவிட் தோரோவின் குடிசை நின்ற இடத்தைக் கற்றூண்கள் காட்டுகின்றன. 1845 யூலை 4 முதல் 1847 செப்ரெம்பர் 6 வரை அவர் அங்கு வாழ்ந்தார். குடிசைக்கான செலவு 28 டொலரும் பன்னிரண்டரைச் சதமும் என அவரே கணக்கெழுதினார். தேவைகளைச் சுருக்கியவன் பொருளுக்கு அடிமையாகான் என்பது அவர்தம் முடிபு.

அம்முடிபு பொய்யன்று. ஆயினும், அது காலூன்றிய நிலத்தையும் நாம் நோக்குதல் வேண்டும். குடிசை எழுந்த காணி நண்பர் எமர்சனுடையது. பலகைகளோ, புகையிரதப் பாதையில் வேலைசெய்த அயர்லாந்துத் தொழிலாளி ஒருவரின் குடிலைப் பிரித்துப் பெற்றவை. விலை 4 டொலர் 25 சதம். குடிலை விற்ற குடும்பம் தன் உடைமை அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு தெருவிலிறங்கிற்று. தோரோ விரும்பித் தெரிந்த எளிமையை அக்குடும்பம் விரும்பித் தெரியவில்லை.

அவருக்கு முன்னரே அக்காட்டில் வாழ்ந்தோரும் இருந்தனர். அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பின மக்கள், பிறர் விரும்பாத மணற்பாங்கான அந்நிலத்தில் ஒதுங்கினர். பிறிஸ்ரர் பிறீமன் 1785 இல் அங்கு காணி வாங்கினார். சில்பா வைற் என்னும் பெண் நூல் நூற்றுத் தனியே சீவித்தாள். 1812 இல் மூண்ட போரின்போது கைதிகளாயிருந்த ஆங்கிலப் படையினர் அவள் குடிலுக்குத் தீவைத்தனர். அவளது தனிமையை யாரும் தத்துவம் என்று போற்றவில்லை.

தோரோவை இழித்துரைத்தல் நம் நோக்கமன்று. அடிமை முறைக்குத் துணைநின்ற அரசுக்கு வரி செலுத்த மறுத்து, 1846 இல் ஓரிரவு சிறையிலிருந்தவர் அவர். பிறீமனையும் சில்பாவையும் 1854 இல் வெளிவந்த தமது நூலிலே பெயர்சொல்லிப் பதிந்தவரும் அவரே. எலீஸ் லெமையர் 2009 இல் வெளியிட்ட ஆய்வுநூல் அம்மக்களின் வரலாற்றை விரித்துரைக்கின்றது.

நாம் வலியுறுத்துவது இதுவே: மிகுதியைப் பெறக்கூடியவன் அதனை வேண்டாமென ஒதுக்கும்போதே எளிமை அறமாகின்றது. பெறவே வழியற்றவனிடம் அது வறுமை எனப்படும். வறியவனுக்கு எளிமையைப் போதிப்போர், அறிந்தோ அறியாமலோ, அவன் வறுமையைக் காக்கும் காவலராகின்றனர். எளிமையை மெய்யாகவே மதிப்போரின் முதற் கடமை, அதனைத் தெரிந்துகொள்ளும் உரிமையை எல்லார்க்கும் உரித்தாக்குவதாகும்.

1922 இல், எமர்சன் குடும்பத்தாரும் வேறு சில குடும்பத்தாரும், மக்கள் நீராடவும் உலாவவும் வேண்டுமென்று அக்கரை நிலத்தைப் பொதுவுடைமையாக வழங்கினர். ஒருவன் தனித்துத் துய்த்த இன்பம் இவ்வாறு பலருக்கும் உரியதாயிற்று. அப்பாதையில் இன்று நடப்போர், கற்றூண்களின் முன் நிற்கையில் சில்பாவையும் நினைவார்களாயின், அவர்கள் அங்கு கற்கும் பாடம் முழுமையுறும்.