எழுந்து நிற்பது யாருக்காக?

சென்னையில் நேப்பியர் பாலத்துக்குப் பக்கத்தில் போர் நினைவுச் சின்னம் இருக்கிறதே... தினமும் எத்தனை ஆயிரம் பேர் பஸ்ஸிலும் பைக்கிலும் அதைத் தாண்டிப் போகிறோம்! உள்ளே யாருடைய நினைவு என்று கேட்டால், 'யாரோ சோல்ஜர்ஸ்' என்போம். குடியரசு தினத்தன்று கவர்னர் மலர் வளையம் வைப்பதை டி.வி.யில் காட்டும்போது லேசாக ஞாபகம் வரும். அவ்வளவுதான்.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் தரப்பு ஜெயித்ததற்காக எழுப்பியது அது. பிறகு இரண்டாம் உலகப் போர், 1948 காஷ்மீர், 1962, 1965, 1971 என்று வரிசையாகச் சேர்ந்துகொண்டன. நம்மை அடிமையாக வைத்திருந்தவனுக்காகச் செத்தவருக்கும், சுதந்திர இந்தியாவுக்காகச் செத்தவருக்கும் ஒரே இடம். அங்கே போய்த் தலை குனிந்தால், நீங்கள் எதற்குக் குனிகிறீர்கள்? வீரனுக்கா, அவன் போன போருக்கா?

இந்தக் கேள்வி அமெரிக்காவையே இரண்டாகப் பிளந்தது. வியட்நாம் போர் தப்பு என்று தெருவில் இறங்கியவர்கள் ஒரு பக்கம்; அங்கே மகனைப் பறிகொடுத்தவர்கள் இன்னொரு பக்கம். 1982-ல் வாஷிங்டனில் ஒரு நினைவுச் சுவர் வந்தது. டிசைன் செய்த மாயா லின், போட்டியில் ஜெயித்தபோது 21 வயது மாணவி. கறுப்பு கிரானைட்டில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். பதவி போடவில்லை, செத்த தேதி வரிசையில் பெயர் மட்டும். போர் சரியா, தப்பா என்று அந்தச் சுவர் தீர்ப்புச் சொல்லவே இல்லை. அதனால்தான் இரண்டு பக்கத்து ஆட்களும் அதன் முன்னால் வந்து நிற்க முடிந்தது.

சரி, வாஷிங்டன் தூரம். நம் வாசலுக்கு வருவோம்.

1987-ல் இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது. அமைதி காக்கப் போனவர்கள் சில மாதங்களிலேயே புலிகளோடு சண்டையில் இறங்கினார்கள். சுமார் 1,200 இந்திய வீரர்கள் திரும்பி வரவில்லை. அவர்களில் ஒருவர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், தமிழர். மறைவுக்குப் பிறகு பரம்வீர் சக்ரா பெற்றவர். அதே வருஷம் அக்டோபரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படை சுட்டதில் டாக்டர்கள், நர்ஸுகள், நோயாளிகள் என்று பலர் செத்தார்கள். அவர்களும் தமிழர்கள்தான்.

1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைக்குத் திரும்பியபோது, முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்பது அவர் நிலை. 'அப்படித்தான் இருக்க வேண்டும்' என்றவர்களும் உண்டு. 'மேலிடம் போகச் சொன்னது, போனான். சிப்பாய் என்னய்யா பண்ணுவான்?' என்று கொதித்தவர்களும் உண்டு. அந்த வீரர்களின் பெயர்களைத் தாங்கிய நினைவிடம் பிறகு 2008-ல் எழுந்தது. எங்கே தெரியுமா? கொழும்பு பக்கத்தில்!

நான் படித்தது காமர்ஸ். அதில் ஒரு பாலபாடம் உண்டு. முருகனுக்குத் தர வேண்டிய பாக்கியை செல்வத்தின் கணக்கில் கழிக்கக் கூடாது. நாம் செய்வது அதைத்தான். வீரனின் தியாகத்தைக் காட்டி ஆஸ்பத்திரியில் செத்தவர்களின் கணக்கை அடைக்கப் பார்க்கிறோம். இல்லையென்றால், அவர்களைக் காட்டி வீரனின் கணக்கைக் கிழித்துப் போடுகிறோம். இரண்டுமே கள்ளக் கணக்கு.

அனுப்பியது நாம் ஓட்டுப் போட்ட சர்க்கார். அப்படியானால் செத்த சிப்பாயின் வீட்டுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அவன் துப்பாக்கியால் செத்தவர் வீட்டுக்கும் கடன்பட்டிருக்கிறோம். இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதித்தான் ஆக வேண்டும். இரண்டு நிமிடம் எழுந்து நின்றால் கடன் அடையாது. 'பாக்கி இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்' என்று பேரேட்டில் கையெழுத்துப் போடுகிறோம், அவ்வளவே. தப்பு செய்தவன் மேல் நடக்க வேண்டிய விசாரணையை மலர் வளையம் போட்டு மூடக் கூடாது. அப்பாவைப் பறிகொடுத்த யாழ்ப்பாணத்துப் பெண் அங்கே நிற்க மறுத்தால், அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கையெழுத்துப் போட வேண்டியவர்கள் நாம், அவரல்ல.

சரி, செத்தவருக்கு நின்றாயிற்று. உயிரோடு திரும்பியவருக்கு?

சிப்பாய் வேலையில் பலருக்கு நாற்பது வயசுக்கு முன்னே பின்னே ரிட்டயர்மென்ட். 2022-ல் வந்த அக்னிபாத் திட்டத்தில் சேருகிறவர்களில் பெரும்பாலோருக்கு நாலே வருஷம்தான். அப்புறம் ஏ.டி.எம். வாசலிலோ அபார்ட்மென்ட் கேட்டிலோ செக்யூரிட்டி யூனிஃபார்ம். நாம் கார் ஹாரனை அடித்துக் 'கதவைத் திறய்யா' என்கிறோமே, அவர் ஒரு காலத்தில் பனியில் காவல் நின்றவராக இருக்கலாம்.

1949-லிருந்து ஒவ்வொரு டிசம்பர் 7-ம் தேதியும் கொடி நாள். முன்னாள் வீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் அந்த உண்டியல் பணம் போகிறது. அடுத்த முறை உண்டியல் வந்தால் சில்லறை தேடாதீர்கள். அதற்கு முன்னால், உங்கள் கேட்டில் நிற்பவரிடம், 'எந்த ரெஜிமென்ட்ல இருந்தீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். ராணுவத்துக்கே போகாதவராக இருந்தால்தான் என்ன? ஒரு மனுஷனிடம் மரியாதையாக நாலு வார்த்தை பேசிய லாபம் உங்களுக்கு!