தொடாத கை

கொடுமுடி என்றால் மலைச் சிகரம். எங்கள் ஊருக்கு அந்தப் பெயர்; ஆனால் ஊரில் மலை இல்லை. தெற்கு நோக்கி வந்த காவிரி கிழக்கே திரும்புகிற சமவெளி இது. ஆதிசேஷனுக்கும் வாயுவுக்கும் நடந்த பலப்பரீட்சையில் மேருவின் சிகரம் சிதறி, அதில் ஒரு துண்டு வைரமாக இங்கே விழுந்து, மகுடேசுவரர் ஆயிற்று என்று ஸ்தல புராணம் சமாதானம் சொல்கிறது.

கண்ணுக்குத் தெரியாத சிகரத்தைப் பெயரில் சுமக்கிற ஊர்க்காரனுக்குக் கடலுக்கடியில் இருக்கும் சிகரங்களின் மேல் ஆசை பிறப்பதில் ஆச்சரியமில்லை. அந்தமானில், 2018 வரை ஹேவ்லாக் என்று வழங்கிய ஸ்வராஜ் தீவை அடுத்து, ‘டிக்ஸன்ஸ் பினக்கிள்’ என்ற கொடுமுடி கடலுக்குள் நிற்கிறது. பாறையின் மேல் பவளம். சுற்றிலும் மீன் கூட்டம். முதுகில் காற்றடைத்த சிலிண்டரைக் கட்டிக்கொண்டு அங்கே போகிறார்கள். 1943-இல் பிரான்ஸில் கூஸ்தோவும் கான்யானும் உருவாக்கிய கருவி தந்த வசதி அது. மற்றச் சிகரங்களுக்கு ஏறிப் போகிறோம்; இதற்கு இறங்கிப் போகவேண்டும். கொடி நாட்டுகிற கர்வத்துக்கு அங்கே இடமில்லை. மூச்சை அடக்காதே, அவசரப்பட்டு மேலே வராதே, எதையும் தொடாதே என்று சொல்லித்தான் இறக்குகிறார்கள்.

முதல் இரண்டும் இறங்குகிறவன் உயிருக்காக. மூன்றாவது பவளத்தின் உயிருக்காக. பவளப் பாறை வெறும் கல் அல்ல. சின்னஞ்சிறு பிராணிகள் சுண்ணாம்பைச் சுரந்து கட்டிக்கொண்ட வீடு. அவற்றின் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசி, வெயிலைக் கொண்டு உணவு சமைத்துக் கொடுக்கிறது. உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். ஒரு கை அகலம் உடைந்தால் பல வருஷத்து உழைப்பு போயிற்று.

தொடாதே என்பது நல்ல தர்மந்தான். ஆனால் அதை யார் யாரிடம் சொல்வது?

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. அங்கே பல காலம் பவளப் பாறையை வெட்டி எடுத்தார்கள். கல் சுண்ணாம்புக் காளவாய்க்கும் ஆலைகளுக்கும் போயிற்று. அலையைத் தாங்கிய பாறை குறையவே, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 1986-இல் அந்தப் பகுதி கடல் தேசியப் பூங்காவாயிற்று. 2001-இல் பவளத்துக்கு வனவிலங்குச் சட்டத்தில் புலிக்குக் கொடுத்த பாதுகாப்பையே கொடுத்தார்கள்.

கூலிக்குக் கடப்பாரை பிடித்தவன் பாவியா? அவனுக்கு அன்றைய உலைக்கு அரிசி வேண்டியிருந்தது. பாறை போனால் மீனையும் கரையையும் முதலில் இழக்கப் போகிறவனும் அவனே. சரி, பணம் கொடுத்து இறங்கி, ஒன்றையும் தொடாமல் பார்த்துவிட்டு வருகிறவன் புண்ணியவானா? கடல் நீர் அளவுக்கு மேல் சூடேறினால் பவளம் தன் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப் போகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் அது நடந்தது. அந்தச் சூட்டில், நிலக்கரியும் எண்ணெயும் எரித்து ஓடுகிற நம் வாழ்க்கைக்கும் பங்கு உண்டு. கடலையே பாராமல், கொடுமுடியில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்திருப்பவனும் தொடாமலே தொடுகிறான்.

எல்லோருக்கும் பங்கு என்றால் யாருக்கும் குற்றமில்லை என்று சிலர் தப்பித்துக்கொள்வார்கள். எனக்கு அது சம்மதமில்லை. வேறு வழி எவ்வளவு இருந்ததோ, அவ்வளவுக்குத்தான் பொறுப்பு. வழியே இல்லாதவனிடம் சட்டம் முதலில் போயிற்று. நூறு வழி உள்ளவனிடம் இன்னும் உபதேசமாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

கூலிக்காரன் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டான். நாம் எதை வைத்திருக்கிறோம்?