மரத்தில் பழகிய கை

உயிரில்லாத ஒன்றை நாள்தோறும் அடித்துப் பழகுகிறவன் கொடியவனாகிறானா, அன்றி அடக்கமுடையவனாகிறானா? கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆயினும் நம்மிடம் இதனைக் கேட்ட பெற்றோர் விளையாட்டாகக் கேட்கவில்லை. கராத்தே என்றும் குங்பூ என்றும் பெயர்ப்பலகை தாங்கிய பயிற்சிக் கூடங்கள் இன்று சிற்றூர்களிலும் காணப்படுகின்றன. அங்குச் சென்று வரும் பிள்ளை, சீனர்கள் மரத்தாலான ஓர் ஆளை நிறுத்திவைத்து அடித்துப் பழகுகிறார்களாம், நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்கிறான். மரத்தை அடிக்கும் கை நாளைக்குத் தம்பியை அடிக்காதா என்று வாப்பா அஞ்சுகிறார். முரட்டுத்தனத்தையெல்லாம் மரத்தோடு கழித்துவிட்டு வீடு வந்து சேர்ந்தால் நல்லதுதானே என்று உம்மா சமாதானம் சொல்கிறார். இருவர் கூற்றிலும் ஒரு பொதுக் குறை உண்டு. மரம் அடியை வாங்கிக்கொண்டு சும்மா நிற்கிறது என்றே இருவரும் கருதுகின்றனர். அது உண்மையன்று.

முதலில் அந்த மர ஆள் எத்தகையது என்பதை நோக்குவோம். தென்சீனத்துக் குவாங்டோங் மாநிலத்தில் வளர்ந்த விங் சுன் என்னும் கலையில்தான் இது மிகவும் பெயர் பெற்றது. கான்டனீஸ் மொழியில் முக் யான் ஜோங் என்பர். மர மனிதக் கம்பம் என்பது பொருள். பெயரில் மனிதன் இருக்கின்றானே தவிர, உருவத்தில் மனிதச் சாயல் குறைவு. ஏறத்தாழ ஐந்தடி உயரமுள்ள உருண்டையான அடிமரம், தலையில்லை, முகமில்லை. மேற்பகுதியில் இரண்டு மரக் கைகள், அவற்றுக்குக் கீழே வயிற்றுக்கு நேராக இன்னொன்று, ஆக மூன்று கைகள். முழங்கால் மடிந்தாற்போல் வளைந்த கால் ஒன்றே ஒன்று. கைகள் அடிமரத்தின் துளைகளில் சற்றுத் தளர்வாகச் செருகப்பட்டிருப்பதால், தொட்டால் ஓசை எழும். பழகியவன் எழுப்பும் ஓசையும் பழகாதவன் எழுப்பும் ஓசையும் வேறு வேறு. தேர்ந்த ஆசிரியர்கள் அவ்வோசையைக் கொண்டே மாணவனின் குறையைக் கணிப்பதுண்டு.

ஃபோஷான் நகரில் இம்மரத்தின் அடிப்பகுதியை மண்ணில் புதைத்து நிறுத்துவதே பழைய முறை. அக்கலையின் பேராசான் இப் மான் (1893–1972), 1949-ஆம் ஆண்டின் அரசியல் மாற்றத்தையொட்டி ஹாங்காங்கில் குடியேறினார். மாடிக் கட்டடங்கள் நெருங்கிய அந்நகரில் மரத்தைப் புதைக்க மண்ணுக்கு எங்கே போவது? ஆகவே அடிமரத்தை இரண்டு குறுக்குச் சட்டங்களில் கோத்துச் சுவரோரம் நிறுத்தும் முறை அங்கே பரவிற்று. இட நெருக்கடியால் வந்த மாற்றம் ஒரு நன்மையையும் கொண்டுவந்தது. சட்டங்கள் சிறிது வளைந்து கொடுப்பதால், தள்ளினால் மரம் பின்வாங்கி உடனே தன் நிலைக்கு மீள்கிறது. நெருக்கடி கலைகளுக்குச் செய்திருக்கும் உபகாரங்களைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்.

இனி, இதன் முன் நிற்பவனுக்கு நேர்வதைப் பார்ப்போம். முதன்முதலாக வருகிற இளைஞன், திரைப்படத்தில் கண்டதை மனத்தில் வைத்து, முழு வலிமையோடு ஓங்கி அடிக்கிறான். அவன் முன்கை எலும்பில் வலி பாய்கிறது. கோபம் கொண்டு மீண்டும் அடிக்கிறான், வலி இரட்டிக்கிறது. மறுநாள் முன்கை கன்றி நீலம் பாரித்துப் போகிறது. இத்தகைய காயங்களுக்கென்றே சீனர்கள் மூலிகைகளை ஊறவைத்துத் தித் தா ஜோவ் என்றொரு மருந்து செய்கின்றனர். விழுதலும் அடிபடுதலும் அதன் பெயரிலேயே அடங்கியுள்ளன. அடித்தவனுக்கு மருந்து வேண்டியிருக்கிறது. அடிபட்ட மரத்துக்கு ஒன்றும் வேண்டியதில்லை. கொடுத்தது கொடுத்தவனுக்கே திரும்புகிறது. கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை, வட்டியில்லாக் கணக்கு!

சில மாதங்களில் அவன் வேறொன்றைக் கற்கிறான். வன்மையை வன்மையால் முட்டிப் பயனில்லை. மரக்கையை ஒட்டித் தன் கையை வழுக்கவிட்டு, பக்கவாட்டில் அடியெடுத்து வைத்து, கோணம் மாறி நுழைய வேண்டும். மரம் இடம் பெயராது. ஆகையால் பெயர வேண்டியவன் அவனே. தூரம் ஒரு விரற்கடை தவறினாலும் தோள் உயர்ந்துவிடுகிறது, முதுகு சாய்ந்துவிடுகிறது. எதிரே உயிருள்ளவன் நின்றிருந்தால், அவன் விலகிவிட்டான், அவன் முறை தவறினான், அவன் ஏமாற்றினான் என்று எதையாவது சொல்லித் தப்பலாம். மரத்தின்மேல் இவற்றில் எந்தப் பழியையும் சுமத்த முடியாது. இப் மான் வழியில் இப்பயிற்சி 116 அசைவுகள் கொண்ட தொடராக வகுக்கப்பட்டுள்ளது. 108 என்ற கணக்கும் உண்டு. எண்ணிக்கை எதுவாயினும், ஆண்டுக்கணக்கில் அதனையே திரும்பத் திரும்பச் செய்கிறவனிடத்தில், பிறர்மேல் பழி போடும் வழக்கம் சற்றேனும் தேய்ந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. ஆகவே மரத்தை அடிப்பவன் முரடனாவான் என்னும் வாப்பாவின் அச்சத்தை நாம் முழுமையாக ஏற்பதற்கில்லை.

திரைப்படங்கள்தாம் இதைத் தலைகீழாக்கின. 1976-இல் ஜாக்கி சான் நடித்து வெளிவந்த ஒரு படத்தில், ஷாவோலின் மடத்து மர மனிதர்கள் உயிர்பெற்றவர்போல் மாணவர்களைத் தாக்குகின்றனர். இளைஞர் உள்ளத்தில் பதிந்தது அந்தக் காட்சி. உண்மையான முக் யான் ஜோங் எவரையும் முந்திக்கொண்டு அடித்ததில்லை. அதன் முன் பகைமை இருக்குமானால், அது வந்து நின்றவன் கொண்டுவந்தது.

சீனக் கலைகள் என்றதும் நம் சமுதாயத்துக்கு முற்றிலும் அந்நியமானவை என்று எண்ணிவிட வேண்டா. வடசீனத்து ஹெபெய் மாநிலத்திலுள்ள மெங்சுன், ஹுய் என்னும் சீன முஸ்லிம்களின் தன்னாட்சி வட்டம். பாஜிச்சுவான் என்னும் கடுமையான கலைக்கு அதுவே தாயகம். அங்கும் நட்ட மரத்தில் தோளும் முதுகும் மோதிப் பழகும் வழக்கம் உண்டு. அதே வட்டாரத்தில் பிறந்த ஹுய் முஸ்லிமான வாங் ஸிபிங் (1881–1973) சீனா முழுவதும் அறியப்பட்ட பயில்வான். அவர் எலும்பு முறிவு வைத்தியத்திலும் பெயர் பெற்றவர். முறிக்கத் தெரிந்த அதே கைக்கு முறிந்ததைப் பொருத்தவும் தெரிந்திருந்தது. நாம் மேலே எழுப்பிய கேள்விக்கு விடை தேடுகிறவர்கள் இந்த மனிதரைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். எலும்பைப் பொருத்துகிறவன் பிறர் வலியைத் தொட்டு அறிந்தவன். மரத்தினிடம் எத்தனை ஆண்டு பழகினாலும் அந்த அறிவு வராது.

ஏன் வராது? மரத்துக்கு வலிக்காது. போதும் என்று அது சொல்லாது. அதன் முகம் சுருங்காது, முகமே இல்லையே! அது நமக்கு நம்மை அறிவிக்குமே தவிர, இன்னொருவரை அறிவிக்காது.

அரபு இலக்கணம் பயின்றவர்களுக்கு இந்த மர ஆள் ஏற்கெனவே அறிமுகமானவர்தாம். "ளரப ஜைதுன் அம்ரன்" - ஜைது அம்ருவை அடித்தார் - என்பது வினை, எழுவாய், செயப்படுபொருள் ஆகிய மூன்றையும் விளக்க ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகக் கூறிவரும் எடுத்துக்காட்டு. ஜைது அடித்துக்கொண்டேயிருக்கிறார், அம்ரு அடிபட்டுக்கொண்டேயிருக்கிறார், ஓதும் பிள்ளைகளில் எவனும் அம்ருவுக்காக இரங்கியதாகத் தெரியவில்லை. இதுபற்றி அரபு நாட்டில் ஒரு வேடிக்கைக் கதை வழங்குகிறது. உஸ்மானிய ஆட்சியில் தாவூது பாஷா என்னும் பெருந்தலைவர் அரபு கற்க முற்பட்டார். அம்ரு நாள்தோறும் அடிபடும்படி என்ன குற்றம் செய்தார் என்று ஆசிரியரைக் கேட்டார். அது வெறும் எடுத்துக்காட்டு என்று சொன்ன ஆசிரியர் சிறைக்குப் போனார். அவருக்குப் பின் வந்தவர்களும் போயினர். கடைசியில் ஓர் அறிஞர் விடை சொன்னார்: "தங்கள் பெயரில் இரண்டு வாவ் இருந்திருக்க வேண்டும். அவற்றுள் ஒன்றைத் திருடி அம்ரு தம் பெயரின் கடைசியில் ஒட்டவைத்துக்கொண்டார். அதற்கான தண்டனையே இது." அரபில் தாவூது என்பதை ஒரே வாவுடனும், அம்ரு என்பதை ஒலிக்காத ஒரு வாவைச் சேர்த்தும் எழுதுவது வழக்கம். பாஷா மகிழ்ந்து, சிறையிலிருந்தோரை விடுவித்தார்.

இக்கதையைக் கேட்டுச் சிரிக்காதவர் இல்லை. நாம் அதில் வேறொன்றையும் காண்கிறோம். பாஷாவின் முதற்கேள்வி மிக நல்ல கேள்வி. ஆனால் ஒரு குற்றம் கண்டுபிடித்துக் கொடுக்கப்பட்டதும் அவர் மனம் ஆறிவிட்டது. அம்ரு அன்றைக்கும் அடிபட்டார், இன்றைக்கும் அடிபடுகிறார். அடிபடுகிறவன்மேல் ஒரு காரணம் ஒட்டிவிட்டால் நம் இரக்கம் எத்தனை விரைவில் உறங்கப் போய்விடுகிறது!

இமாம் கஸ்ஸாலி (மறைவு 1111) பழக்கத்தால் குணம் அமையும் என்பதை வலியுறுத்தியவர். நல்ல எழுத்தை எழுதி எழுதியே ஒருவன் எழுத்துக்கலைஞன் ஆவதுபோல, ஈகையை முயன்று முயன்றே ஈகையாளன் ஆகிறான் என்பது அவர் கருத்து. அவரே தனித்திருத்தலைப் பற்றி ஆராயுமிடத்தில் ஓர் எச்சரிக்கையும் விடுக்கிறார். தனித்திருப்பவனின் உள்ளத்துக் கோபமும் பொறாமையும் சீழ்கட்டிய கொப்புளம் போன்றவை. வேறொருவர் கை படும்வரை அவனுக்கு வலி தெரியாது. இவ்விரண்டு கருத்தையும் மர ஆளுக்குப் பொருத்திப் பார்த்தால், உம்மாவின் சமாதானமும் முழுமையாகாது என்பது விளங்கும். மரத்தின் முன் சாந்தமாயிருப்பவன் சாந்தமுடையவன் என்பதற்கு இன்னும் சான்று இல்லை. அவனை அங்கே யாரும் தொடவில்லை.

ஆயினும் நாம் உண்மையில் அஞ்சுவது மரத்தையன்று. ஓதிக்கொடுக்கும் தொழிலில் நாமும் நெடுங்காலம் இருந்து வருகிறோம். பிரம்பு பள்ளிக்கூடங்களிலும் ஓதும் பள்ளிகளிலும் கோலோச்சிய காலத்தை அறிவோம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் உடல் தண்டனையைத் தடை செய்தது. அதன் பிறகும் பிரம்பை நியாயப்படுத்துவோர் இருக்கின்றனர். அவர்களிடம் நாம் கேட்க விரும்புவது இதுதான். மரத்தை அடித்தால் அடித்தவன் கை வலிக்கிறது. ஏழு வயதுப் பிள்ளையை அடித்தால் அடித்தவனுக்கு எங்கே வலிக்கிறது? திரும்பி வர வேண்டிய வலியைப் பிரம்பின் நீளம் நடுவழியிலேயே நிறுத்திவிடுகிறது. எதிர்த்துப் பேச அஞ்சும் மனைவியும், கூலியை நினைத்து வாய்மூடி நிற்கும் வேலைக்காரனும் இந்தப் பிள்ளையின் நிலையிலேயே இருக்கின்றனர். கணக்கைத் திருப்பித் தருவதில் மூன்று கையும் ஒரு காலும் உள்ள கட்டைக்கு இருக்கிற வல்லமைகூட இவர்களுக்கு இல்லை. கை கெட்டுப்போவது இவ்விடங்களில்தான். மரபுக் கதையை நம்பினால், விங் சுன் என்பது, தன்னை வலிந்து மணக்க வந்த ஒரு முரடனை எதிர்த்து நின்ற இளம்பெண்ணின் பெயர். வரலாறாக இதனை நாம் ஏற்காவிடினும், வலியவனின் கையைத் தடுக்க எழுந்த கலை என்றே தன்னை அறிமுகம் செய்துகொள்ள அது விரும்பியது கவனிக்கத்தக்கது.

எகிப்தின் மம்லூக் வீரர்கள் (1250–1517) வாள் பயிற்சியில் களிமண்ணை வெட்டிப் பழகினர். வலிமை கூடியபின் வேறொரு பாடம்: மெத்தென்ற பஞ்சின்மேல் தாள்களை அடுக்கி, வாளின் வேகத்தை அளந்து, குறித்த அளவோடு வெட்டு நிற்கும்படி பழகுவது. கொல்லாமல் விடவும் கை அறிந்திருக்க வேண்டும் என்று அந்த ஆசிரியர்கள் கருதியிருக்கின்றனர். விங் சுன் கலையில் இதே பாடம் சீ ஸாவ் என்னும் பயிற்சியில் வருகிறது. இருவர் எதிரெதிரே நின்று முன்கைகளை ஒட்டவைத்து உருட்டிக்கொண்டேயிருப்பர். எதிரே இருப்பவன் எந்தக் கணத்தில் தள்ளுகிறான், எந்தக் கணத்தில் தளர்கிறான் என்பதைக் கண்ணாலன்றித் தோலால் அறிய வேண்டும். பெரும்பாலான ஆசிரியர்கள் மாணவனை முதலில் இதில் பழக்கியபின்னரே மர ஆளிடம் அனுப்புகின்றனர். முதலில் மனிதனின் கை, பிறகு மரத்தின் கை. இவ்வரிசையை நாம் மிகவும் மதிக்கிறோம். இன்னொருவன் கையின் நடுக்கத்தை அறிந்த பிறகு மரத்தினிடம் போகிறவன், அங்கே இல்லாதது என்ன என்பதையும் அறிந்தே போகிறான்.

ஆகவே பெற்றோருக்கு நாம் சொல்வது: பிள்ளை கற்கட்டும். ஆனால் கூடத்தில் சேர்க்குமுன் அங்குள்ள மரத்தைப் பார்க்க வேண்டா. இரு சிறுவர் சேர்ந்து பயிலும்போது ஒருவன் "வலிக்கிறது" என்றால் மற்றவன் என்ன செய்கிறான், ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதைப் பாருங்கள். ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இப் மான் மறைவதற்குச் சற்று முன்னர், 1972-இல், அவர் மர ஆளோடு பயில்வதைப் படச்சுருளில் பதிவு செய்து வைத்திருக்கின்றனர். எண்பதை நெருங்கிய வயது. நோயால் மெலிந்த உடல். கைகள் மரத்தைத் தொட்டு விலகுகின்றன, கால்கள் அதனைச் சுற்றிச் சிறிது சிறிதாக இடம் மாறுகின்றன. அடி என்று சொல்லும்படி அதில் ஒன்றும் இல்லை. மரம் மட்டும் சட்டத்தில் மெல்ல அசைகிறது. ஒலிப்பதிவு இல்லாத படமாகையால் அந்த ஓசை எப்படி இருந்தது என்று கேட்க வழியில்லை.